குளியலறைத் தண்ணீர் கீழே ஒழுகுதா? தரையை முழுசா உடைக்காமலே சரிசெய்யலாம்

மழையே பெய்யாத நாள். ஆனால் கீழ்த்தளக் கடையின் சீலிங்கில் புதிதாக ஓர் ஈரத்திட்டு. மேல்மாடியில் யாரோ இப்போதுதான் குளித்து முடித்திருக்கிறார்கள்.

பினாங்கு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. 'குளியலறை மொத்தத்தையும் உடைச்சு மறுபடி கட்டணும்' என்ற பதில்தான் பல நேரம் முதலில் வரும். உண்மையில், பல வீடுகளில் அது தேவைப்படாது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு சுத்தியலை எடுத்தால் போதும்.

கடைவீட்டில் ஏன் இது பெரிய விஷயம்?

லெபோ பாசார் (நம்மவர்களுக்குக் கடைத்தெரு), குவீன் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் ஆகியவை 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் வருகின்றன. இங்குள்ள பழைய கடைவீடுகளில் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். மேல்மாடித் தரையோ மர உத்தரங்களின் மேல் அடித்த பலகை. குளியலறையும் டைல்ஸும் பெரும்பாலும் பிறகு சேர்க்கப்பட்டவை.

அதனால் ஒழுகும் தண்ணீர் நேராக மரத்துக்குப் போகும். மரம் உளுத்துப்போகும், கரையான் வரும். பக்கத்து வீட்டுக்கும் சுவர் பொதுவானது என்பதால், ஈரம் அங்கேயும் ஏறலாம். சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பது கறையை மறைக்குமே தவிர, ஒழுகலை நிறுத்தாது.

முதலில் என்ன செய்யணும்?

மழை இல்லாத நாளில் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள்.

1. வடிகால் வாயைத் துணியாலோ ரப்பர் மூடியாலோ இறுக்கமாக அடைத்து, தரையில் சுமார் 2 சென்டிமீட்டர் தண்ணீர் தேக்கி, சில மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் வந்தால், கோளாறு டைல்ஸ் இடுக்கிலோ தரையின் நீர்த்தடுப்புப் பூச்சிலோ இருக்கிறது.

2. கீழே ஈரம் வரவில்லையா? அடைப்பை எடுத்துவிட்டு, வாளியிலிருந்து நேராக வடிகாலுக்குள் ஊற்றுங்கள். இப்போது ஒழுகினால், கோளாறு வடிகால் வாயின் இணைப்பிலோ குழாயிலோதான்.

தரை ஏற்கெனவே தாழ்ந்தோ ஆடியோ இருந்தால் தண்ணீர் தேக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீரின் எடையே ஆபத்து.

தண்ணீர் மெதுவாக இறங்கினால்

சல்லடை மூடியைக் கழற்றினால் முடியும் சோப்புப் படிவும் கட்டியாக இருக்கும். கொக்கிக் கம்பியால் இழுத்தெடுத்து, பிறகு ஸ்பிரிங் கம்பி விட்டுச் சுழற்றுங்கள். பழைய இரும்புக் குழாயில் ஆசிட் ஊற்றவே கூடாது. துருப்பிடித்துத் தேய்ந்த இடம் ஓட்டையாகிவிடும். ஆசிட்டோடு குளோராக்ஸ் போன்ற பிளீச் கலந்தால் நச்சு வாயு வரும்.

நாற்றம் மட்டும் வந்தால்

வடிகாலுக்கு அடியில் 'ஃபுளோர் டிராப்' என்ற வளைவு இருக்கும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிவிடும்.

இது நாற்றத்தோடு முடிகிற விஷயமில்லை. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியபோது, வற்றிப்போன இத்தகைய வளைவுகளும் கிருமி பரவிய வழிகளில் ஒன்றாக விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. தீர்வு ரொம்ப எளிது: வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால், மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

வடிகால் வாயைச் சுற்றி ஒழுகினால்

வாயைச் சுற்றியுள்ள சில டைல்ஸை மட்டும் எடுத்தால் போதும். பழைய சிமெண்டைச் சுரண்டி, புதிய வாயைப் பொருத்தி, நீர்த்தடுப்புப் பூச்சைப் பழைய பூச்சின் மேல் ஏறும்படி பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு டைல்ஸ் பதிக்க வேண்டும். வாய், சுற்றியுள்ள தரையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். பழைய டைல்ஸை உடையாமல் எடுத்து வையுங்கள். அதே நிறம் கடையில் கிடைப்பது கஷ்டம்.

குழாயே விரிசல் விட்டிருந்தால்

மேலே தரையை உடைப்பதைவிட, கீழே சீலிங் பலகையைக் கழற்றிப் பார்ப்பது சுலபம். விரிசல் உள்ள துண்டை மட்டும் வெட்டி, புதிய துண்டை வைத்து, எஃகுப் பட்டையுள்ள ரப்பர் இணைப்பால் இறுக்கலாம். அப்போதே உத்தரத்தையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது.

எப்போது முழுசா உடைக்கணும்?

உத்தரம் உளுத்திருந்தால், முதல் சோதனையில் தரையின் பல இடங்களில் கசிந்தால், அல்லது தரையின் சரிவே வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், ஒட்டு வேலை தாங்காது.

பாரம்பரியப் பகுதிக் கட்டடம் என்பதால், எதை உடைப்பதற்கு முன்பும் பினாங்கு மாநகர் மன்றத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், சோதனை செய்த தேதியோடு படம் எடுத்து முதலில் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். எந்தச் சோதனையில், எங்கே ஒழுகியது என்று பிளம்பரிடமும் சொல்லுங்கள். அது தெரிந்தால், தேவையில்லாத இடத்தில் சுத்தியல் விழாது.