இரண்டு சாண் நாடாவின் கணக்கு

இருமினாலும் தும்மினாலும், குனிந்து புல்லுக்கட்டைத் தூக்கினாலும் சிறுநீர் கசிவதை, பிள்ளை பெற்ற உடம்பு என்றால் அப்படித்தான் என்று செஞ்சிப் பக்கத்துப் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு என்று அறிந்தவர்களுக்கும், அதில் வைக்கிற பிளாஸ்டிக் நாடாவின் பூர்வீகம் தெரிந்திருக்காது. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நீளம் சுமார் இரண்டு சாண். அது ஒரு நூற்றாண்டு ஊர் சுற்றி வந்த பொருள்.

தொடக்கத்தில் பிளாஸ்டிக்கே இல்லை. 1910இல் ஜெர்மனியின் கோபெல், நோயாளியின் அடிவயிற்றுத் தசையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து, சிறுநீர் வெளியேறும் குழாய்க்குக் கீழே தூளி போலக் கட்டினார். 1942இல் அமெரிக்காவின் ஆல்ட்ரிட்ஜ், வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறையைப் பயன்படுத்தினார். பொருளுக்குக் காசில்லை, ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டும், நாள்கணக்கில் படுக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. அமெரிக்க மருத்துவர் ஜான் பர்ச் கசிவை நிறுத்த வழக்கமான முறையில் தையல் போட்டபோது, எலும்பை ஒட்டிய இடத்தில் தையல் நிற்கவில்லை. வேறு பிடிமானம் தேடினார். 1961இல் அவர் வெளியிட்ட முறைதான் பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது.

இதற்குள் வேறொரு மூலையில் பிளாஸ்டிக் பிறந்துவிட்டது. பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் ‘மார்லெக்ஸ்’ என்ற பிளாஸ்டிக்கைத் தயாரித்து, வாங்க ஆளில்லாமல் குவித்து வைத்திருந்தது. குழந்தைகள் இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையத்துக்கு 1958இல் வெறி கிளம்பியதும் சரக்கு பறந்தது. அதே மார்லெக்ஸை வலையாக நெய்து குடலிறக்க அறுவையில் பயன்படுத்தினார் ஹூஸ்டனின் பிரான்சிஸ் அஷர். பிறகு அவர் பாலிப்ரொப்பிலீனுக்கு மாறினார். நம் நாடாவின் நூல் அதுவே.

நாடாவாக அதை நிலைநாட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டெனும். வேறு பொருள்களையும் முயன்று பார்த்த பிறகு, 1996இல் உல்ம்ஸ்டென் பாலிப்ரொப்பிலீன் நாடா முறையை வெளியிட்டார். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு கீறல்களின் வழியே நாடாவைச் செலுத்தினால் போதும்; அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

செலவுக் கணக்கும் இங்கேதான் சூடுபிடித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 344 பெண்களைக் கொண்டு நாடாவையும் பர்ச் முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. 2003இல் வெளியான செலவு ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் நாடா சராசரியாக 243 பவுண்டு மிச்சப்படுத்தியது. நாடாவுக்கு விலை உண்டு என்றாலும், குறைந்த படுக்கை நாள்கள் அதை ஈடுகட்டிவிட்டன.

லாபம் தெரிந்ததும் நகல்கள் பெருகின. அமெரிக்காவில், ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றைப் போன்றது என்று காட்டினாலே அனுமதி கிடைத்தது. உல்ம்ஸ்டெனின் நாடாவே ‘புரோட்டீஜென்’ என்ற பட்டையை முன்மாதிரியாகக் காட்டித்தான் நுழைந்தது. சிக்கல்கள் எழுந்து 1999இல் புரோட்டீஜென் திரும்பப் பெறப்பட்டபோதும், அதன் வாரிசுகள் சந்தையிலேயே இருந்தன. 2001இல் பிரான்சின் டெலோர்ம், தொடைப் பக்கமாக நாடாவைச் செலுத்தும் வழியைக் கொண்டுவந்தார். கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பெரிய வலைகளும் வந்தன. சில பெண்களுக்கு வலை திசுவை அரித்து வெளியே வந்தது, வலி தீரவில்லை. 2018இல் பிரிட்டன் நாடா அறுவையையே நிறுத்தி வைத்தது. பதிந்த நாடாவை எடுப்பதற்கான செலவும் வேதனையும் அந்த ஆறு மாதக் கணக்கில் அடங்கியிருக்கவில்லை.

இந்தியாவில் கணக்கு வேறு. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா ஊரில் மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், குடலிறக்கத்துக்குக் கொசுவலைத் துணியையே சுத்திகரித்துப் பயன்படுத்திக் காட்டினார். பெண்களுக்கான அறுவையிலும், விலையுயர்ந்த பெட்டிச் சரக்குக்குப் பதிலாகக் குடலிறக்க வலையிலிருந்து நாடாவை வெட்டி, திரும்பப் பயன்படுத்தும் ஊசியால் வைத்த மருத்துவர்கள் இங்கே உண்டு. செலவு பெருமளவு நாடாவில் இல்லை, அதை அடைத்து வந்த பெட்டியில் இருக்கிறது என்பதை இவர்கள் காட்டினார்கள்.

செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ போகும் பெண்ணுக்கு, அரசு மருத்துவமனையில் அறுவை இலவசமாகவே கிடைத்தாலும் இழக்கும் கூலி உண்டு. துணைக்கு வருகிறவரின் கூலி, பஸ் காசு, பாரம் தூக்கக் கூடாத வாரங்கள் எல்லாம் அவள் தலையில்தான். ஆகவே எந்த முறை மலிவு என்று கேட்கும்போது, மருத்துவமனை ரசீதோடு அவளுடைய நாள்களையும், பத்து ஆண்டு கழித்து வரக்கூடிய சிக்கலையும் சேர்த்தே கூட்ட வேண்டும். அதற்கும் முன்னால், 1948இல் ஆர்னால்ட் கெகல் எழுதிய இடுப்புத் தளத் தசைப் பயிற்சியைச் சொல்லித்தர வேண்டும். சில மாதங்கள் முறையாகச் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. சிலருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. அந்தப் பயிற்சிக்குப் பெட்டியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். கூச்சத்தை விட்டு நர்ஸம்மாவிடம் வாய் திறந்து கேட்டால் போதும்.