ஓரிரவு இருக்கை

"கடலுக்குப் போறேன்" என்றதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஐம்பது வருஷமாகக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்.

"தனியாவா? எதுக்குப்பா?"

"சதுரங்கப்பட்டினம், பெரியப்பா. டச்சுக்காரன் கோட்டை. நம்ம பக்கத்துத் துணியெல்லாம் கப்பலேறிப் போன ஊரு."

சிரித்தார். "துணி போச்சு, சரி. நெஞ்சவன் போனானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டிவிஎஸ் 50ஐக் கிளப்பிவிட்டேன். ஓரிக்கையிலிருந்து கடல் சுமார் 70 கிலோமீட்டர். ஊரை ஒட்டிப் போகும் பாலாறு வாயலூரில் கடலைச் சேர்கிறது. அதற்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். ஆறு போகிற திசையில்தான் நானும் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்கூடக் குறைவு. அது வேறு கதை.

1

ஓரிக்கையிலிருந்து ஒருத்தன் கிளம்பும்போது அந்த ஊர்ப்பெயரையே முதலில் வாசித்தாக வேண்டும். பிரம்பறுக்கும் குடியில் வளர்ந்தவராகச் சொல்லப்படும் திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன். அரசன் கேட்டதைச் செய்ய மறுத்ததால் ஊரைவிட்டு விரட்டப்படுகிறான். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் புறப்படுகிறார். படுத்திருக்கும் பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச்சொல்கிறார். அவரும் வந்துவிடுகிறார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவு இருக்கை, அதுவே ஓரிக்கை. காஞ்சி இருண்டுபோக, அரசன் ஓடிவந்து கெஞ்சித் திரும்ப அழைத்துப் போகிறான்.

பக்திச் சொல்லாடல் இதை இறைவனின் எளிமைக்குச் சான்றாக வாசிக்கும். 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இதையே எதிர்த்திசையிலிருந்து வாசித்துப் பார்ப்போம். அதிகாரத்தோடு முரண்பட்டவர்கள் கையாண்ட ஆயுதம் என்ன? அவர்கள் சண்டை போடவில்லை, மனுக்கொடுக்கவில்லை. கிளம்பிப் போனார்கள். போனவர்கள் இல்லாமல் ஊர் நடக்காது என்பதால் அரசன் இறங்கிவந்தான். ஒரு வெளிநடப்பின் முதல் ராத்திரியைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது எங்கள் ஊர். இது நடந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி. இப்படியொரு கதையைச் சொல்லிக்கொள்ள, 'விலகிப்போதல்' என்பது ஒரு சமூகத்தின் நினைவில் ஆயுதமாகப் பதிந்திருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

2

இந்தச் சாலைக்கு ஒரு பழைய பிரதியும் உண்டு. பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகள். காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போகப் பாணனுக்கு வழிசொல்லும் பாட்டு. கடற்கரைப் பட்டினமான நீர்ப்பெயற்றைக் கடந்து, திருவெஃகாவைத் தொட்டு, காஞ்சிக்குள் நுழைகிறது அந்த வழி. நான் அதைத் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தேன்.

வழியெங்கும் வீடுகள். எயினர் குடிசை, ஆயர் குடியிருப்பு, உழவர் மனை, வலைஞர் சேரி, அந்தணர் இல்லம் என்று ஒவ்வொன்றிலும் சோறு கிடைக்கிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளும் சுங்கச் சாவடியும்கூட வருகின்றன. கடைசியில் அரசன் பாணனுக்கு மெல்லிய நூலாடை உடுத்தக் கொடுக்கிறான். ஆனால் அந்த ஆடையை நெய்தவர் வீடு வழியில் இல்லை. துணி பரிசாக வருகிறது, உழைப்பாக வருவதில்லை. வரலாற்று எழுத்தில் நெசவாளியின் இடம் அன்றைக்கே இப்படித்தான் கட்டமைக்கப்பட்டிருக்கிறது.

வாலாஜாபாத் தாண்டிச் செங்கல்பட்டு. இந்த வட்டாரத்தை 1763இல் ஆற்காட்டு நவாப் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். துணி வாங்க வந்தவன் வரி வாங்குகிறவனாகவும் ஆனான். திரும்பி வரும்போது இங்கே மறுபடி நிற்போம்.

திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் போகும் வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் குடைந்த குடைவரை. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களையும் வருஷத்தையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஊர்சுற்ற வந்த உத்தியோகஸ்தர்கள். இன்றைக்கு இதயம் வரைந்து அம்புவிடுகிற பையன்களைத் திட்டுகிறோம். நூறு வருஷம் கழிந்தால் கிறுக்கல், முந்நூறு வருஷம் கழிந்தால் ஆவணம். உல்லாசமாகப் பயணம் போகிறவனுக்குப் பெயர் இருக்கிறது, அதை எழுத ஒரு சுவரும் கிடைக்கிறது. அதே வழியில் பொதிமாடுகளோடு துணி சுமந்து போனவர்களுக்கு இரண்டும் இல்லை. என் வண்டியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. நான் எந்தப் பக்கம் என்ற கேள்வி கொஞ்சம் உறுத்தியது.

3

சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர், சம்புவராய மன்னன் ஒருவனின் நினைவில். டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இங்கே காலூன்றியது. செங்கல் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. வாசலில் பீரங்கிகள், உள்ளே கிடங்குகள், கல்லறைகள். கல்லறைப் பலகைகளில் எழுத்துகள் அத்தனை நேர்த்தி. பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். பிரிட்டிஷார் 1781இல் கோட்டையைப் பிடித்தார்கள், 1818இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1825இல் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவும் அறிவிப்புப் பலகைக்குப் போதும்.

கிடங்கில் என்ன இருந்தது? பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சி என்றால் பட்டு என்பது பிற்காலப் படிமம். கடல் கடந்தது பெரும்பாலும் பருத்தி. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்துத்தான் தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். போரும் பஞ்சமும் வந்த வருஷங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். பெரியவரின் கேள்விக்கு ஒரு பதில் இது: சிலர் போனார்கள், சரக்காக.

இன்னொரு பதிலும் இருக்கிறது. கம்பெனியின் பணம் வியாபாரி வழியாக நெசவாளிக்கு முன்பணமாக வந்தது. 'முன்பணம்' என்றவுடன் நமக்கு அடிமைத்தளைதான் ஞாபகம் வரும். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலைமை வேறு என்று காட்டுகிறார் பிரசன்னன் பார்த்தசாரதி, 2001இல் வந்த தன் நூலில். பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு அந்த உரிமை இல்லை. நெருக்கடி முற்றினால் தெருவே காலிசெய்து வேறு சீமைக்குப் போய்விடும். நெசவாளிகள் வந்தால் வரிவருமானம் என்பதால் போகிற இடத்து அரசன் சலுகை கொடுத்து வரவேற்பான். சென்னையில் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் பெயரால் காலடிப்பேட்டையும், 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளிகளுக்காக உருவானது இதனால்தான். 'வாப்பா, வந்து உட்காரு' என்று கம்பெனியே கூப்பிட வேண்டியிருந்தது. கெஞ்சிய பல்லவ அரசனின் கதை இங்கே வரலாறாக நடமாடுகிறது.

எப்போது முடிந்தது இது? வியாபாரியும் அரசனும் ஒரே ஆளானபோது. வேறு சீமை என்று ஒன்று இல்லாமல் போனபோது. ஓடிப்போனவனைப் பிடித்துவர இப்போது கம்பெனியிடமே சேவகர்கள் இருந்தார்கள். மான்செஸ்டர் மில்துணி வந்து நெசவாளியை அழித்தது என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பெருங்கதையாடல். அதில் உண்மை உண்டு. ஆனால் மில்துணி வந்து இறங்குவதற்கு முன்பே அவன் கால் கட்டப்பட்டுவிட்டது.

4

இந்த இடத்தில் நெசவாளியைக் கதாநாயகனாக்கிவிட்டு ஓய்ந்துவிடலாம். செங்கல்பட்டு விடவில்லை. தெரு காலிசெய்துபோகும் வலிமை எல்லோருக்கும் இருந்ததா? நூல் நூற்ற, பாவு தோய்த்த பெண்கள் 'போகலாம்' என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இருந்தார்களா? இதே ஜில்லாவின் வயல்களில் படியாட்களாக இருந்த தலித்துகளுக்கு மிராசுதாரை விட்டுப் போகும் வழி அடைபட்டே இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை அந்த நிலையைப் பதிவுசெய்தது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். வெளியேறும் உரிமையும் சாதிப்படிநிலையில்தான் பங்கிடப்பட்டிருந்தது. இதைச் சொல்லாமல் நெசவாளியின் சுதந்திரத்தைக் கொண்டாடுவது இன்னொரு பெருங்கதையாடல்.

சரி, இன்றைக்கு? காஞ்சிக் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர். அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு பிள்ளையாக இருந்தது. பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்காரும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகும், 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. ஒரு காலத்தில் திருப்பிக் கொடுத்தால் விடுதலை என்றிருந்த அதே முன்பணம், திருப்பிக் கொடுக்கவே முடியாத கடனாக மாறியதுதான் இந்தச் சாலையின் உண்மையான வரலாறு. கோட்டையும் கல்லறையும் அதன் ஓரத்துக் கற்கள்.

5

இருட்டிய பிறகு ஊர் வந்தேன். பெரியவர் திண்ணையில் இருந்தார்.

"என்னப்பா, பார்த்தியா?"

சொன்னேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருந்ததைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கப்பா வாங்கின பணத்துக்கு நான் ஏழு வயசுல உட்கார்ந்தேன். கொடுத்துட்டுப் போலாம்னு ஒருத்தரும் சொல்லலியேப்பா."

திருவெஃகாவில் திரும்பிவந்த பெருமாள் முன்போலப் படுக்கவில்லை, தலைவைக்கும் திசையை மாற்றிப் படுத்தார் என்பார்கள். கிளம்பிப் போய்த் திரும்பியதன் அடையாளம் அது. பெரியவர் உள்ளே போய் விளக்கை அணைத்தார். காலையில் மறுபடி அதே குழிக்குள்தான் இறங்கியாக வேண்டும்.