அத்து விட்ட பின்னும் விடாத பெயர்

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் நம் மக்கள் குடியிருப்பு ஒன்றில் பீடி சுற்றும் அக்கா ஒருவரைக் கடந்த ஆண்டு சந்தித்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். அவருடைய சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல். ரேஷன் கார்டிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் கணவர் பெயரின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்துகொண்டிருந்தார்.

"அவன அத்து விட்டு இருவது வருசமாச்சு தாயி. அவன் பேரு மட்டும் என்ன விட மாட்டேங்கு" என்றார்.

பெயரை மாற்றப் போன இடத்தில் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "டைவர்ஸ் தீர்ப்பு நகல் எங்கே?" அது அவரிடம் இல்லை. ஊர் கொடுத்த விடுதலைக்குக் காகிதம் கிடையாது. இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும், தோழர்களே.

மணமுறிவு என்பது நகரத்துப் படித்த பெண்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று இன்றும் பலர் பேசுகிறார்கள். அது பொய். தமிழ்நாட்டின் உழைக்கும் சாதிகள் பலவற்றில் அத்து விடுதலும், துரும்பு கிள்ளிப் போடுதலும், மறுமணமும் காலங்காலமாக இருந்தவை. அதனால்தான் ஆதிக்க சாதியினர் நம்மை "அறுத்துக் கட்டுகிற சாதி" என்று இழிவாகச் சொன்னார்கள். பெண்ணுக்கு வெளியேற ஒரு வாசல் இருந்ததையே வசவாக்கினார்கள். அந்த ஊர்க்கூட்டம் பெண்களுக்கு முழு நியாயம் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள்தான். ஆனாலும் வாசல் இருந்தது.

இதை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1949ல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா மீதான விவாதத்தில், மணமுறிவு இந்து சமூகத்துக்குப் புதிதல்ல, சூத்திரர் எனப்படுவோரிடம் அது வழக்கமாகவே இருக்கிறது, அவர்கள்தான் இந்துக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் என்று வாதிட்டார். சிறுபான்மையான மேல்சாதி வழக்கத்தை எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள் என்பதே அதன் பொருள். மசோதா முடக்கப்பட்டது அவர் 1951ல் அமைச்சர் பதவியை விட்டு விலக முக்கியக் காரணம்.

சென்னை மாகாணத்தில் 1949லேயே இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955ல் வந்தது. அதன் பிரிவு 29(2) வழக்காற்று மணமுறிவை இன்றும் அங்கீகரிக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதைச் சொல்பவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் தெளிவாக்கியது. சட்டம் வாசலை மூடவில்லை. சாவியை மட்டும் காகிதமாக மாற்றிவிட்டது.

நெல்லையின் தலித் கிறிஸ்தவப் பெண்களின் நிலை இதைவிட மோசம். 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி, மனைவியின் பிறன்மனை உறவை நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ கணவனின் பிறன்மனை உறவு மட்டும் போதாது, கொடுமை போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது மாற 2001 வரை ஆனது. 132 ஆண்டுகள்.

சரி, பெயருக்கு வருவோம். திருமணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று எந்தத் திருமணச் சட்டமும் சொல்லவில்லை. நம் பாட்டிகளை ஊரில் யாரும் இனிஷியல் வைத்துக் கூப்பிட்டதும் இல்லை. பதிவேடுகளும் அட்டைகளும்தான் "க/பெ" என்ற கட்டத்தை வைத்து அதைப் பழக்கமாக்கின. கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்த சமூகம், அதே பெயரைத் தன் பெயருக்கு முன்னால் எழுதச் சொன்னது! முதல் பொதுத்தேர்தலில் (1951-52) என்ன நடந்தது தெரியுமா? இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லிச் சொந்தப் பெயரைத் தராததால் சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் வடமாநிலத்தவர். பெயர் இல்லாதவருக்கு வாக்கு இல்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு இரண்டு கோரிக்கைகளை ஒரே மேடையில் வைத்தது: சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும், பெண்ணுக்கு மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும். பட்டத்தைத் துறந்த ஆண்களை நாம் வரலாற்றில் கொண்டாடுகிறோம். கணவர் பெயரைத் துறக்கும் பெண்ணை மட்டும் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம்?

காகிதத்தில் பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா? பாளையங்கோட்டையில் அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. கணவரை இழந்து தஞ்சையிலிருந்து வந்த பிராமணப் பெண் ஒருவர், 1778ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். அவர் கட்டிய ஆலயம் 1785 முதல் நிற்கிறது. ஊர் அதை இன்றும் "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்றுதான் சொல்கிறது. பதிவேட்டில் மாறிய பெயரை ஊர் நாக்கு ஏற்கவில்லை. சாதிதான் நிலைத்தது.

அதற்காகக் காகிதம் வேண்டாம் என்று விட முடியுமா? முடியாது. ஏனென்றால் சான்றிதழும் ஓய்வூதியமும் மகளின் கல்லூரி உதவித்தொகையும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சிலவற்றை நினைவில் வையுங்கள். சாதி பிறப்பால் வருவதாகவே சட்டம் பார்க்கிறது. மணமோ மணமுறிவோ பெண்ணின் பட்டியல் சாதித் தகுதியைத் தொடாது. ஊர் அத்து விட்டவர்கள், அந்த மணமுறிவை உறுதிசெய்யக் கோரிக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சாட்சியை வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிரிந்தவர்கள் துணைவர் பெயரையோ தீர்ப்பு நகலையோ தர வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே அறிவித்தார்கள். ஆனால் மத்திய அரசிதழில் கணவர் பெயரை நீக்க, மணமுறிவுத் தீர்ப்போ கணவரின் ஆட்சேபணையின்மைச் சான்றோ கேட்கப்பட்டது. அதை எதிர்த்து ஒரு பெண் 2024ல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ஒரே அரசு, ஒரு மேசையில் கேட்காததை இன்னொரு மேசையில் கேட்டது.

அந்த அக்காவுக்காக இப்போது வழக்குப் போட்டிருக்கிறோம். கூட்டத்தில் இருந்தவர்களில் இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு வந்தால் தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதியில் அவருக்கும் நாலு வரி வரும். பழைய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம் திருநெல்வேலி, இனி இன்ன பெயரால் அறியப்படுவேன் என்று. அந்த அறிவிப்பில் யாருடைய அனுமதியும் கேட்கும் வரி கிடையாது. அதில் பேசுவது அவர் மட்டும்தான்.