பந்தில் ஒட்டாத தீட்டு

எங்க ஊர் ஏரி கோடையில வத்திப்போகும். அப்ப அதுதான் எங்களுக்கு கிரிக்கெட் மைதானம். ஊர்ப் பையன்களும் சேரிப் பையன்களும் ஒண்ணா ஆடிய ஒரே இடம் அது. நான் நல்லா பந்து போடுவேன், அதனால ஊர்த் தெரு அணியில எனக்கு இடம் உண்டு. ஆட்டம் முடிஞ்சதும் அவர்கள் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிப்பார்கள். எனக்குக் கையில் ஊற்றுவார்கள். நான் போட்ட பந்தை அவர்களும் பிடித்தார்கள், எச்சில் தொட்டு கால்சட்டையில் தேய்த்தார்கள். பந்தில் ஒட்டாத தீட்டு சொம்பில் மட்டும் எப்படி ஒட்டுது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை. பாலு என்ற பேரைப் பார்த்ததும் எங்க தெரு ஆள் யாரோ என்றுதான் நெனைச்சேன். அவர் 1876இல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சாதி. அப்பா ராணுவத்தில் வேலை பார்த்ததால் புனேயில் வளர்ந்தார். சிறுவயதில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப் ஒன்றில் மாதம் 3 ரூபாய் சம்பளத்துக்கு மைதானம் கூட்டினார். 1892இல் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே சம்பளம் 4 ரூபாய். உருளை உருட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது, பிறகு துரைமார்களுக்குப் பந்து போடுவது, இதுதான் வேலை. கிரெய்க் என்ற துரை, தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். மணிக்கணக்கில் பந்து போட்ட பாலுவிடம் ஒருநாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது துரைத்தனம்!

அந்த வலையில்தான் அவருடைய இடதுகைச் சுழற்பந்து கூர்மையானது. வெள்ளையரை ஜெயிக்கணும் என்ற ஆசை வந்ததும் புனேயின் சாதி இந்துக்களுக்கு பாலு தேவைப்பட்டார். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனித்தட்டு, தனி மேசை. தோலால் செய்த பந்து, தோல் தொழிலாளி சாதிக்காரன் கையிலிருந்து புறப்பட்டு, பதினோரு பேர் கையையும் சுற்றி வந்தது. யாரும் தலைமுழுகவில்லை.

பிளேக் நோய்க்குப் பிறகு பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானா அணியில் சேர்ந்தார். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன்னில் தோற்கடித்தது. இரண்டாவது இன்னிங்சில் 5 விக்கெட் பாலுவுக்கு. 1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் 'அகில இந்திய' அணி இங்கிலாந்து போனது. இந்தியா டெஸ்ட் ஆட 1932 ஆயிற்று. அதற்கு 21 வருஷம் முந்திய பயணம் அது. அணி தோற்ற ஆட்டங்களே அதிகம். பாலு மட்டும் மொத்தம் 114 விக்கெட் எடுத்தார். மகாராஜா ஆடிய ஆட்டங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் தலைவர் அவர்தான்.

ஊர் திரும்பிய பாலுவுக்கு பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அதற்கான வரவேற்புரையை எழுதியவர் அப்போது மாணவராக இருந்த அம்பேத்கர்.

திறமைக்குக் குறைவில்லை, வயசும் அனுபவமும் இருந்தது. ஆனாலும் இந்துக்கள் அணிக்கு பாலு தலைவராக நியமிக்கப்படவே இல்லை. 1913இல் தலைவரான எம்.டி. பை என்ற பார்ப்பனரே, இந்தப் பதவி பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். மூத்த ஆட்டக்காரரான தம்பி விட்டலைத் தாண்டி இன்னொருவரைத் தலைவராக்கினார்கள். விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் அறிக்கை விட்டு வெளியேறினார்கள். கெஞ்சிக் கேட்கவில்லை, ஆட மாட்டோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் பாலு திரும்ப அழைக்கப்பட்டுத் துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவர். அந்த வருஷம் இந்துக்கள் அணி ஐரோப்பியரை ஜெயித்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் மாலை போடச் சுலபம். ஆனால் நம்ம வரலாற்றை நாமே மறைத்து எழுதக்கூடாது. 1932இல் தனித்தொகுதிக் கேள்வியில் பாலு அம்பேத்கரோடு நிற்கவில்லை. சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் மூவர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 ஓட்டு, பாலு 11,225 ஓட்டு. எந்தக் கைக்கு வரவேற்புரை எழுதினாரோ, அந்தக் கையையே அவர் எதிரே நிறுத்தினார்கள். அங்கேயும் பாலு பந்து போட்டார், தலைவர் வேறொருவர். இதை நான் கோபத்தோடு எழுதவில்லை, வலியோடுதான் எழுதுகிறேன். உள்ளே போய்விட்டால் கோப்பை மாறும் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை நம்மில் பலருக்கும் இருந்ததுதானே? பாலு 1955இல் பம்பாயில் இறந்தார். அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அந்தத் தேர்தலையும் மறைக்க மாட்டேன்.

போன கோடையில ஏரிப்பக்கம் போனேன். நம்ம தெருப் பையன் ஒருத்தன் இடது கையால் பந்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு உட்காரவெச்சு பாலுவின் கதையைச் சொன்னேன். விக்கெட் கணக்கை எல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"அவர கடைசிவரைக்கும் கேப்டன் ஆக்கலியாண்ணே?"

"இல்லடா. தம்பிங்க ஆட மாட்டோம்னு வெளிய வந்தாங்க. அப்புறந்தான் ஒரு தம்பி கேப்டன் ஆனாரு."

அவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே ஊர்த் தெரு அணியைப் பார்த்தான்.