பூட் ஆனா போதுமா?

1998 ஆகஸ்ட்ல இன்டெல் செலரான் 300ஏ-ன்னு ஒரு மலிவு ப்ராசஸரை விட்டாங்க. 300 மெகாஹெர்ட்ஸ். அந்த 300 எங்கிருந்து வருதுன்னா, மதர்போர்டோட பஸ் 66 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், சிப் அதை 4.5 மடங்காக்கிக்கும். மடங்கை இன்டெல் பூட்டிட்டாங்க, பஸ்ஸைப் பூட்டல. ஏபிட் பிஎச்6 மாதிரி ஒரு போர்டுல பயாஸுக்குள்ள போய் 66-ஐ 100 ஆக்கினா, அதே சிப் 450-ல ஓடும். அன்னிக்கு உச்சத்துல இருந்த பென்டியம் 2-வும் 450தான். விலை மட்டும் நாலு மடங்குக்கு மேல!

விண்டோஸ் வந்துடுச்சு, கேம் ஓடுது. சரி, உள்ள கணக்கு சரியா நடக்குதா? வேகம் கூடினா, ஒரு கணக்கு முடியறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துடலாம். ஒரு பிட் தப்பாகும். கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது.

இதைப் பிடிக்கற கருவி கணித உலகத்துல இருந்து வந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1996-ல ஜார்ஜ் வோல்ட்மன் ஆரம்பிச்ச ஜிம்ப்ஸ் திட்டம், ராட்சத பகா எண்களைத் தேடுது. வாரக்கணக்கா ஓடற கணக்குல ஒரு பிட் தப்பினாலும் மொத்த உழைப்பும் வீண். அதனால அவங்களோட ப்ரைம்95 மென்பொருள் தன்னையே சந்தேகப்படும். விடை முழு எண்ணுக்குப் பக்கத்துல வரணும், ரொம்ப விலகினா எரர். அதுல இருக்கற 'டார்ச்சர் டெஸ்ட்', ஏற்கெனவே விடை தெரிஞ்ச கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைக்கும். ஓவர்க்ளாக் பண்றவங்க இதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போவாங்க, காலையில எரர் இருந்தா வேகத்தைக் குறைப்பாங்க.

இந்தக் கட்டுப்பாடு கம்பெனிக்காரங்ககிட்ட இருந்துச்சா? 2000 மார்ச்ல 1 கிகாஹெர்ட்ஸை ஏஎம்டி முதல்ல தொட்டுட்டாங்க, ரெண்டே நாள் வித்தியாசம். ஜூலை கடைசியில இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவிச்சாங்க. டாம்ஸ் ஹார்ட்வேர் நடத்தின தாமஸ் பாப்ஸ்ட் அதுல லினக்ஸ் கெர்னலை கம்பைல் பண்ணிப் பார்த்தார், முடியல. என்னைக் கேட்டா, அது கம்பெனியே ஓவர்க்ளாக் பண்ணி வித்த சிப். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள இன்டெல் தப்பை ஒத்துக்கிட்டுத் திரும்ப வாங்கிட்டாங்க. அதே 1.13 வேகம் மறுபடி கடைக்கு வந்தது 2001-லதான்.