காதால் கற்ற சமையல்

சமையலைக் காதால் கேட்டுக் கற்றுக்கொள்வது பாட்காஸ்ட்டோடு பிறந்த பழக்கம் அல்ல. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரத்துக்கு அந்த வாய்ப்பு திருச்சி வானொலி மூலம் வந்தது. அந்த நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. குன்னம், பெரம்பலூர், அரியலூர் எல்லாமே அன்றைக்குத் திருச்சி மாவட்டம்தான். 1995இல்தான் பெரம்பலூர் தனி மாவட்டமானது.

வானொலி வந்ததும் வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிடவில்லை. பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டிய காலம் அது. கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ மாலையில் ஒலிபெருக்கியில் பாடும். செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஊருக்கே கேட்கும். சமையல் குறிப்பு வரும் மகளிர் நிகழ்ச்சி அப்படி அல்ல. அதைக் கேட்க வீட்டுக்குள் ஒரு பெட்டி வேண்டும். டிரான்சிஸ்டர் பரவிய பிறகுதான் சமையல் குறிப்பு அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்தது. இலங்கை வானொலியின் ‘பூவும் பொட்டும்’ மகளிர் நிகழ்ச்சிக்கும் தமிழகத்தில் நேயர்கள் இருந்தார்கள்.

வேறு சில நாடுகளில் சமையலை வானொலிக்குக் கொண்டுவந்ததில் அரசுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறை 1926 அக்டோபரில் ‘சாமி அத்தை’ என்றொரு கற்பனைப் பெண்ணைப் படைத்தது. துறை எழுதி அனுப்பிய ஒரே உரையை ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பெண் சாமி அத்தையாகவே வாசித்தார். குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளத் திணறியவர்களுக்காக அடுத்த ஆண்டே அவை புத்தகமாயின. பிரிட்டனில் 1940இல் பிபிசி ‘கிச்சன் ஃபிரன்ட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. ரேஷனில் கிடைப்பதைக் கொண்டு போர்க்காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுவது எப்படி என்பதே அதன் பேச்சு.

இங்கே வானொலி அடுப்பைவிட வயலில்தான் ஆழமாக வேரூன்றியது. 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றி விடாமல் பேசியது. தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். குரலுக்கு இருந்த செல்வாக்கை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. அதே அக்கறை நெல்லைச் சார்ந்திராத குன்னத்தின் மானாவாரி நிலத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும். கம்பும் வரகும் சோளமும் தின்று வளர்ந்த மண் இது. அரிசி பரவப் பரவ அந்தத் தானியங்களின் பக்குவமும் வீடுகளை விட்டு விலகியது. நிலத்தில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும்.

கம்பு சமைப்பது லேசான வேலை இல்லை. தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டுக் குத்தி, தவிடு போகப் புடைக்க வேண்டும். மறுபடி கொரகொரப்பாக இடித்து, கொதிக்கும் உலையில் கொட்டித் துடுப்பால் கிளற வேண்டும். வெந்ததை உருட்டித் தண்ணீரில் போட்டால் மறுநாள் காலை புளிப்பேறியிருக்கும். அதை மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். தவிடு போனதை உலக்கையின் சத்தத்திலும், களி வெந்ததைக் கொப்புளம் வெடிக்கும் ஓசையிலும் கண்டுகொள்பவர்கள் இருந்தார்கள். அச்சிட்ட புத்தகத்தில் வராத இந்த ஓசைகள் ஒலிப்பதிவில் வரும்.

‘பாட்காஸ்ட்’ என்ற சொல் 2004இல் பிறந்தது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் பாட்காஸ்ட்டுகளை ஐடியூன்ஸில் சேர்த்தது. வானொலியில் தவறவிட்ட குறிப்பு தவறியதுதான். பாட்காஸ்ட்டிலோ நிறுத்தி, பின்னோக்கிப் போய், கை மாவாக இருக்கும்போதே மறுபடி கேட்கலாம். உணவின் வரலாற்றையும் அறிவியலையும் பேசும் அமெரிக்காவின் ‘காஸ்ட்ரோபாட்’ 2014இல் தொடங்கியது. இந்தியாவில் பத்திரிகையாளர் விக்ரம் டாக்டர் ‘தி ரியல் ஃபுட் பாட்காஸ்ட்’டில் நம் காய்கறிகளையும் தானியங்களையும் ஆங்கிலத்தில் அலசினார். தமிழில் சமையல் பெரும்பாலும் காணொளிக்கே போய்விட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது.

குன்னத்திலும் பக்கத்துச் செந்துறையிலும் கம்பு குத்திய கைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் போனில் ஒலிப்பதிவை இயக்கி அப்பாயி, அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இந்த ஆண்டே அதைச் செய்துவிட வேண்டும்.