உறைநிலத்து உயிர்களும் ஒளிப்படமும்

ஒல்லாந்து தேசத்து டெல்வ்ற் நகரில் 1632 முதல் 1723 வரை வாழ்ந்தவர் அந்தனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர். நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்டது அந்நகரின் பெயரே. அவர் தாமே தீட்டிய சிறு வில்லைகளினூடாக, அதுவரை எவரும் கண்டிராத நுண்ணுயிர் உலகைக் கண்டார். 1702ஆம் ஆண்டில், கூரைப் பீலியில் காய்ந்து கிடந்த மண்ணில் அவர் நீர் வார்த்தபோது, சக்கரம் சுழல்வது போன்ற வாயுறுப்புடைய சிற்றுயிர்கள் மீண்டும் நீந்தத் தொடங்கின.

லீவன்ஹூக்குக்கு வரையும் திறன் போதாது. ஆகையால் ஓவியரை அமர்த்தினார். கண்டவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர். உலகமோ இருவரையும் நம்பவேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க வந்தது ஒளிப்படம். பாரிசில் டொனே என்பவர் பூக்கோவின் துணையுடன் நுணுக்குக்காட்டியினூடாகப் படம்பிடித்து, 1845இல் படத்தொகுதியொன்றை வெளியிட்டார். எனினும் அப்படங்கள் செதுக்குவோர் கையால் மீளவும் வரையப்பட்டே அச்சேறின. 1877இல் ஜெர்மானிய வைத்தியர் றொபேட் கொக் பற்றீரியாக்களின் ஒளிப்படங்களையே அச்சிற் கொணர்ந்தார். அவற்றுள் அந்திராக்சு நோய்க்கிருமியும் ஒன்று. அக்கிருமி வித்தியாகி நெடுங்காலம் மண்ணில் உயிர் தாங்கும் என்பதை அவர் அதற்கு முந்திய ஆண்டிலேயே நிறுவியிருந்தார்.

அவ்வுண்மையின் கொடிய முகம் 2016இல் சைபீரியாவின் யமால் பகுதியில் வெளிப்பட்டது. கடுங்கோடையில் அந்திராக்சு பரவி 2,000க்கும் மேற்பட்ட துருவ மான்கள் மடிந்தன. சிறுவன் ஒருவனும் இறந்தான். உறைநிலம் உருகியதால் அக்கிருமி வெளிவந்திருக்கலாம் என அறிஞர் கருதினர். 2021இலோ, வடகிழக்குச் சைபீரியாவில் அலசேயா ஆற்றருகே, 24,000 ஆண்டுகள் பழமையான உறைமண்ணிலிருந்து உயிர்த்தெழுந்த சிற்றுயிரின் படம் உலகெங்கும் பரவியது. அது லீவன்ஹூக் பீலி மண்ணிற் கண்ட இனத்தின் உறவே.

இன்று இத்தகைய படங்கள் கலைப்பொருளாகவும் போற்றப்படுகின்றன. ஆனால் இலத்திரன் நுணுக்குக்காட்டி தரும் படத்துக்கு இயல்பில் நிறமில்லை. நாம் வியக்கும் செம்மையும் நீலமும் பின்னர் மனிதர் ஊட்டியவை. ஓவியன் கையை விலக்க வந்த ஒளிப்படத்துள் அக்கை மீண்டும் நுழைந்துள்ளது. அதிற் குற்றமில்லை, ஊட்டிய நிறம் இது, உள்ள உருவம் இது எனப் பார்ப்போருக்குச் சொல்லிவிடல் வேண்டும். அழகிய படமொன்றின் பின்னே, உருகும் நிலமும் அதில் வாழும் மக்களும் உளர் என்பதும் மறக்கத்தக்கதன்று.